மறுமொழி: ஹெலட் – ‘அடிமை’ போதாது; ‘கொண்டிக்குடி’ சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பண்டைக் கிரேக்கத்து ஸ்பார்ட்டா அரசு அடக்கி உழவைத்த மக்களான ‘ஹெலட்’டுகளை என் நாவலில் தமிழில் எந்தச் சொல்லால் குறிப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

> ‘அடிமை’ என்றே போட்டுவிடலாமே. வாசகருக்கு உடனே புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். நாவலின் முதல் இயல் கி.மு. 425இல், ஸ்பாக்டீரியா தீவில் நடக்கிறது. ஸ்பார்ட்டாவின் படை தீவில் மாட்டிக்கொண்டது. ஏதென்ஸ் கப்பல்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. உள்ளே உணவு கொண்டுபோகும் ஹெலட்டுக்கு விடுதலை என்று ஸ்பார்ட்டா அறிவிக்கிறது. சிலர் துறைமுகப் பக்கமிருந்து நீருக்கடியிலேயே நீந்திப் போனார்கள். தேனில் குழைத்த கசகசாவும் இடித்த ஆளிவிதையும் அடைத்த தோல்பையைக் கயிறு கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள் என்று ஏதென்ஸின் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதியிருக்கிறார். என் கதாநாயகன் அப்படி முக்குளித்தவர்களில் ஒருவன். ‘அந்த அடிமை மூச்சை இழுத்துப் பிடித்தான்’ என்று எழுதியிருந்தேன். கைப்பிரதியைப் படித்த என் தங்கை கேட்ட முதல் கேள்வி: ‘யாரோட அடிமை?’

அந்தக் கேள்விக்கு ஒரு பெயரைப் பதிலாகச் சொல்ல முடியாது. அதுதான் சிக்கலே. ஏதென்ஸில் ஓர் ஆளைச் சந்தையில் விலைக்கு வாங்கலாம், விரும்பினால் விடுதலையும் செய்யலாம். ஹெலட் விலைக்கு வாங்கப்பட்டவன் இல்லை. ஸ்பார்ட்டா கைப்பற்றிய மெஸ்ஸினியாவில், பாட்டன் உழுத அதே மண்ணில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். நிலம் மட்டும் இன்னொருவன் கைக்குப் போய்விட்டது. அந்த இன்னொருவன் இவனை எல்லை தாண்டி விற்கவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. விடுவிக்கும் உரிமை அரசுக்கே. தீவுக்குச் சோறு சுமந்தவனுக்கு விடுதலை தருவதாக அரசு அறிவித்தது அதனால்தான்.

> பண்ணையாள், படியாள்?

இவை எனக்கும் பிடித்த சொற்கள். ஆனால் படியாள் என்றால் பண்ணையார் படியால் அளந்து கூலி கொடுக்கிறார். ஸ்பார்ட்டாவிலோ அளந்து கொடுத்தவனே ஹெலட்தான். தானியம் போகும் திசையே வேறு.

> அப்படியானால் ‘வாரக்குடி’?

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. பாரம் சுமந்து நைந்த கழுதைகளைப் போல மெஸ்ஸினியர் விளைச்சலில் பாதியை எசமானருக்குக் கொண்டுபோனதாக ஸ்பார்ட்டாவின் கவி டிர்ட்டேயஸ் பாடியிருக்கிறார். பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் பாதி என்று சொல்லாமல் நிலையான அளவாகவே தருகிறார்: ஓர் ஆணுக்கு 70 மெடிம்னோஸ் (கிரேக்கத் தானிய அளவை) வாற்கோதுமை, அவன் மனைவிக்கு 12. எப்படியானாலும் வாரமோ குத்தகையோ போன்ற ஒன்றுதான். ஆனால் வாரக்குடிமீது யாரும் போர் அறிவிப்பதில்லை. ஸ்பார்ட்டாவில் எஃபர்கள் என்ற உயர் அதிகாரிகள் ஒவ்வோர் ஆண்டும் பதவியேற்றதும் ஹெலட்டுகள்மீது முறைப்படி போர் அறிவித்தார்கள். போரில் கொன்றால் கொலைத் தீட்டு இல்லையல்லவா, அதற்காக. இந்த வன்முறையைச் சொல்லாத எந்தச் சொல்லையும் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே என் முன்மொழிவு: கொண்டிக்குடி.

பட்டினப்பாலையில் ‘கொண்டி மகளிர்’ வருகிறார்கள். பகை நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டு, அந்தியில் நந்தா விளக்கு ஏற்றும் பெண்கள். கொண்டி என்றால் கொள்ளைப்பொருள், கொள்ளப்பட்டது. ஹெலட் என்ற பெயரை ஹெலோஸ் என்ற ஊரோடு சேர்த்துச் சொல்வது பழைய வழக்கம். ‘பிடிபட்டவர்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்ததென்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். அப்படியென்றால் கொண்டி அதற்கு நேர்ச்சொல்லாகவே அமைகிறது. ஓர் ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு போகாமல், ஊரையும் குடும்பத்தையும் வயலோடு சேர்த்துப் பிடித்ததால் ‘குடி’.

> கொண்டி என்றால் கதவுக் கொண்டிதான் நினைவுக்கு வரும். ஊர் மேயும் மாட்டையும் கொண்டி மாடு என்போம்.

அக்கா சொல்வது நியாயம். மதுரைக்காஞ்சியில் ‘கொண்டி மகளிர்’ பரத்தையரைக் குறிக்கிறது என்பதையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தனியே நின்றால் குழப்பம்தான். ஆனால் ‘குடி’ ஒட்டியதும் கதவும் மாடும் போய்விடுகின்றன. இன்னொரு வசதியும் இருக்கிறது. ஹெலட்டாகவும் இல்லாமல் முழுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்தவர்கள் பெரியோய்கோய். அந்தப் பெயருக்குச் ‘சுற்றி வாழ்வோர்’ என்பதே பொருள், சுற்றுக்குடி என்கலாம். விடுதலை பெற்ற ஹெலட்டுகளான நியோடமோடெய்ஸ் புதுக்குடி. ஸ்பார்ட்டாவின் முழுக் குடியுரிமையாளர் தங்களை ‘ஒத்தோர்’ என்று சொல்லிக்கொண்டார்கள். அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன். கி.மு. 479இல் பாரசீகருக்கு எதிரான பிளாட்டேயாப் போரில் 5,000 ஒத்தோர், ஆளுக்கு 7 ஹெலட் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொல்லும் காட்சியை இனி நான்கே சொற்களில் எழுதிவிடலாம்: ஓர் ஒத்தோனுக்கு ஏழு கொண்டிக்குடியார்.

சிறுவர்களைப் போர்வீரராக்கும் பயிற்சியான அகோகே, ஆண்கள் கூடி உண்ணும் சிசிட்டியா இரண்டுக்கும் நீங்கள் தந்த ‘படைவளர்ப்பு’, ‘உடனுண்பந்தி’ இரண்டுமே போதும். அதில் எனக்கு மறுப்பில்லை.

இன்னும் தீராதது பேச்சு வழக்கு. சினத்தில் இருக்கும் ஸ்பார்ட்டாக்காரன் ‘கொண்டிக்குடியானே’ என்று நீட்டி முழக்கமாட்டான். அவன் வாயில் வெறும் ‘கொண்டி’ என்றே வைக்கலாம் என்று நினைக்கிறேன், வசவாகவும் ஒலிக்கும். முக்குளிப்பவன் தன்னைப் பற்றிப் பேசும் இடங்களில் மட்டும் அச்சொல் ஓரிடத்திலும் வராது. அவன் தன்னை ‘மெஸ்ஸினியாக்காரன்’ என்றுதான் சொல்வான். கி.மு. 369இல் தீப்ஸ் நகரத்துத் தளபதி எப்பமினோண்டாஸ் வந்து மெஸ்ஸினி நகரத்தை எழுப்பியபோது அந்த மக்கள் எடுத்துக்கொண்ட பெயரும் அதுதானே.

பெண்பால் ஒருமைக்குக் ‘கொண்டிக்குடியாள்’ என்பதைவிட நல்ல வடிவம் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். முக்குளிப்பவனின் தாய் இரண்டாம் இயலில் வருகிறாள்.