"முதலில் அதிபரிடம்" என்பவர்களுக்கு

கரவெட்டி ரீச்சர்: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடந்தது தெரிந்தால் ஆசிரியர் முதலில் பள்ளிக்கூட அதிபரிடம் சொல்ல வேண்டுமாம், அவர் ஊர்ப் பெரியவர்களோடு பேசுவாராம், எடுத்தவுடன் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அடித்தால் குடும்ப மானம் போய்விடுமாம். இரவு எனக்கு நித்திரை இல்லை. 31 வருடம் படிப்பித்தவள் நான். அந்த "முதலில்" என்ற இடத்தில்தான் பிள்ளையைக் கைவிடுகிறார்கள்.

நல்லூரான்: எழுதியவன் நான்தான், ஒளிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒரு முறை இருக்கிறது ரீச்சர். 1929க்கு அடித்தால் பொலிஸ் ஜீப் வாசலில் வந்து நிற்கும், ஒழுங்கை முழுக்க வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கும். பிறகு அந்தப் பிள்ளைக்கு யார் கலியாணம் பேசி வருவது? முதலில் அதிபர்தான்.

ரொறன்ரோ குமரன்: கனடாவின் ஒன்ராறியோவில் நியாயமான சந்தேகம் இருந்தாலே சிறுவர் உதவிச் சங்கத்துக்குத் தானே நேரடியாகச் சொல்ல வேண்டும். அதிபரிடம் சொல்லிவிட்டேன் என்று தப்ப முடியாது. ஆசிரியர் சொல்லாமல் விட்டால் 5,000 டொலர் வரை தண்டம். பாலியல் குற்றங்களிலிருந்து சிறுவரைக் காக்கும் இந்தியாவின் 2012 போக்சோ சட்டத்திலும் தெரிந்தும் சொல்லாதவருக்கு 6 மாதம் வரை சிறை உண்டு. யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கும் அப்படி ஒரு கடமையைச் சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும்.

நல்லூரான்: குமரன், ஊரை விட்டுப் போய் முப்பது வருடம். கோயில் திருவிழாவுக்கு வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறவர் எங்களுக்குச் சட்டம் சொல்ல வேண்டாம்.

ரொறன்ரோ குமரன்: அந்தக் கோயில் மதிலுக்குக் காசு கேட்டபோது மட்டும் நான் ஊர்க்காரன். பழைய மாணவர் சங்கக் கணக்கையும் நீங்கள் இன்னும் காட்டவில்லை.

நல்லூரான்: சங்கக் கணக்கை இதற்குள் இழுக்காதீர். தேர்தலில் தோற்ற கோபம் இன்னும் போகவில்லை உமக்கு.

கரவெட்டி ரீச்சர்: சங்கத்தை விடுங்கள் தம்பிமாரே. நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, கெட்டிக்காரி. ஒரு தவணையில் எழுத்தே மாறிவிட்டது. ஒரே வரியை அழித்து அழித்து எழுதிக் கொப்பித் தாள் கிழிந்திருந்தது. கேட்டேன், மெல்லச் சொன்னாள். ரியூசன் கொடுக்கிற உறவினர். நானும் நல்லூரான் சொல்வதைத்தான் செய்தேன், அதிபரிடம் போனேன். அதிபர் பெரியவர்களைக் கூப்பிட்டார். தேத்தண்ணியும் வாய்ப்பனும் வந்தன. தாய் சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அந்த ஆள் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்டார், பிள்ளையிடம் இல்லை. மூன்று கிழமை இப்படியே பேச்சு. பிள்ளையை வவுனியாவில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஆள் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே இருந்தார். நான் வாய் மூடியிருந்தேன். அது என் பிழை, இன்றைக்கும் வலிக்கிறது.

மானிப்பாய் மயூரி: மூன்று கிழமை போனால் சட்ட வைத்திய அதிகாரி பார்க்கும்போது உடலில் சான்று பெரும்பாலும் மிஞ்சாது, ரீச்சர். அது யாருக்கு வசதி?

நல்லூரான்: ரீச்சர் சொன்னது அந்த அதிபரின் பிழை. முறையின் பிழை இல்லை. நல்ல அதிபர் என்றால் அவரே பொலிசுக்குச் சொல்வார்.

கரவெட்டி ரீச்சர்: நல்ல அதிபரா இல்லையா என்று பிள்ளை எப்படி அறியும்? 1929 இலவச இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கிறார்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது. முதலில் அங்கே சொல்லுங்கள். அப்புறம் அதிபரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஒன்று கேட்கிறேன்: செய்தவரே அதிபர் என்றால் முதலில் யாரிடம் போவது?

நல்லூரான்: எல்லா அதிபரையும் கள்ளனாக்குகிறீர்கள். என் தகப்பனாரும் அதிபராக இருந்தவர்.

கரவெட்டி ரீச்சர்: உங்கள் தகப்பனாரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். முதலில் யாரிடம்?

நல்லூரான்: அதிபரிடம்தான். நூறு தரம் கேட்டாலும் அதுதான்.

ரொறன்ரோ குமரன்: கணக்கு எப்போது வரும்?

கரவெட்டி ரீச்சர்: குமரன், பொறுங்கள். நல்லூரான், நான் இன்னும் காத்திருக்கிறேன். செய்தவரே அதிபர் என்றால்?