400 பக்க ரிஸ்க் ரிப்போர்ட்டிலிருந்து அலாரம் அடிக்கும்போது படிக்கிற மாதிரி ஒரு வழிகாட்டி எழுதுவது எப்படி?

இரவுஷிப்ட்

வணக்கம். கடலில் எண்ணெயும் கேஸும் எடுக்கிற ஆஃப்ஷோர் பிளாட்ஃபார்ம் ஒன்றின் சேஃப்டி டீமில் இருக்கிறேன். புது கியூஆர்ஏ (விபத்து வாய்ப்பையும் பாதிப்பையும் எண்களில் கணக்குப் போடுகிற ரிஸ்க் ரிப்போர்ட்) 400 பக்கத்துக்கு வந்திருக்கிறது, அதை வைத்து அவசரகால வழிகாட்டி ஒன்று எழுதச் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து 70 பக்கம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஓஐஎம் (பிளாட்ஃபார்மின் தலைமைப் பொறுப்பாளர்) நாலு பக்கம் புரட்டிவிட்டு, "அலாரம் அடிக்கும்போது ஒரு கையில் ரேடியோ, இன்னொரு கையில் போன், இதை எந்தக் கையால் புரட்டுவது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ரிப்போர்ட்டில் 140 சினாரியோ, அதாவது நடக்கக்கூடிய விபத்துகள். ஒவ்வொன்றுக்கும் கசிகிற ஓட்டையின் அளவு, வருடத்துக்கு எத்தனை முறை, தீச்சுவாலை நீளம், வெப்ப அளவு. எதை வைப்பது, எதை விடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_பேனல்காரன்

தம்பி, உங்கள் ஓஐஎம் கேட்டது நியாயம். கண்ட்ரோல் ரூம் பேனலில் உட்கார்ந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன்: ஓட்டை 10 மிமீயா 50 மிமீயா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிவதெல்லாம் இரண்டு கேஸ் டிடெக்டர் சிவப்பாகிவிட்டது, செபரேட்டர் (எண்ணெய், கேஸ், தண்ணீரைப் பிரிக்கிற கலன்) பிரஷர் இறங்குகிறது, வெளியே இருக்கிற பையன் ரேடியோவில் கத்துகிறான், அவ்வளவுதான். அதனால் அந்த 140-ஐ ஓட்டை அளவை வைத்துப் பிரிக்காதீர்கள். நான் செய்யவேண்டிய வேலை எங்கே மாறுகிறதோ அங்கே பிரியுங்கள். நாங்கள் அப்படிப் பிரித்தபோது 9 வந்தது. 9 பக்கம், ஒவ்வொன்றும் ஒரே தாள்.

ஒரு உதாரணம். ரைசர் (கடலடி பைப்லைனைப் பிளாட்ஃபார்மோடு இணைக்கிற குழாய்) ஈஎஸ்டி வால்வுக்கு (அவசரத்தில் மூடுகிற வால்வு) இந்தப் பக்கம், அதாவது பிளாட்ஃபார்ம் பக்கம் கசிந்தால் வால்வை மூடி, பிளோடவுன் (உள்ளே இருக்கிற கேஸைப் பத்திரமாக வெளியேற்றுவது) கொடுத்துவிட்டால் சுவாலை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். ஏபிஐ 521 என்கிற அமெரிக்க பெட்ரோலியத் துறைத் தரநிலை சொல்கிற பொதுவான கணக்கே சுமார் 15 நிமிடத்தில் பிரஷரைப் பாதியாக்குவதுதான், ஆக அங்கே காத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதே கசிவு வால்வுக்கு அந்தப் பக்கம் என்றால், இங்கே எத்தனை பட்டனை அமுக்கினாலும் கிலோமீட்டர் கணக்கில் பைப்லைனில் நிற்கிற கேஸ் வந்துகொண்டே இருக்கும். அது காத்திருக்கிற தீ இல்லை, பிளாட்ஃபார்மை விட்டுக் கிளம்பவேண்டிய தீ. ரிப்போர்ட்டில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிசையில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வழிகாட்டியில் தனித்தனி தாளில் இருந்தே ஆகவேண்டும்.

வட கடலில் எரிந்துபோன பைப்பர் ஆல்ஃபா பிளாட்ஃபார்ம் தெரியும்தானே? 1988 ஜூலை 6, இரவு 10 மணிக்கு முதல் வெடிப்பு, சுமார் 20 நிமிடத்தில் டார்டன் பிளாட்ஃபார்மிலிருந்து வருகிற கேஸ் ரைசர் வெடித்தது. பைப்லைனால் இணைந்திருந்த பக்கத்து பிளாட்ஃபார்ம்களான கிளேமோரும் டார்டனும் தீயைப் பார்த்தும் உடனே உற்பத்தியை நிறுத்தவில்லை. செத்த 167 பேரில் பலர் தங்குமிடத்தில் உத்தரவுக்குக் காத்திருந்தவர்கள். அதனால்தான் எங்கள் ரைசர் தாளின் முதல் வரி: "பக்கத்து பிளாட்ஃபார்மைக் கூப்பிட்டு மூடச் சொல்". இரண்டாவது வரியில் போன் நம்பர்.

கணக்கன்

நான் கியூஆர்ஏ போடுகிற ஆள், அடிக்க வரவேண்டாம் :) அதிர்வெண்ணை வழிகாட்டியிலிருந்து எடுத்துவிடலாம், அதில் சண்டையில்லை. வருடத்துக்கு பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்பு என்பது எந்தச் சினாரியோவுக்கு அடிக்கடி டிரில் நடத்துவது என்று முடிவெடுக்க உதவும், எரிகிற நேரத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆனால் யாரும் திறக்காத ஒரு இடம் இருக்கிறது, ரிப்போர்ட்டின் கடைசியில் வரும் அனுமானப் பட்டியல். வால்வு 60 விநாடியில் மூடும், தங்குமிடத்தின் ஏசி டேம்பர்கள் (காற்றுக் குழாயை அடைக்கிற தடுப்புகள்) தானாக அடைத்துக்கொள்ளும், மஸ்டர் (எல்லோரும் ஓரிடத்தில் கூடித் தலை எண்ணுவது) 15 நிமிடத்தில் முடியும், டிஆர் (எல்லோரும் கூடுகிற தற்காலிகப் புகலிடம்) ஒரு மணி நேரம் தாங்கும், இப்படி எழுதியிருப்போம். எங்களுக்கு அவை கணக்குக்குள் போட்ட எண்கள். உங்களுக்கு ஒவ்வொன்றும் ஒரு கேள்வி: மூடியதா? மூடவில்லையென்றால் அடுத்து என்ன? டேம்பர் ஒன்று திறந்தே நின்றுவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தை நம்பி யாரும் உள்ளே உட்காரக்கூடாது, புகை உள்ளே வந்துவிடும். பைப்பரில் தீயணைப்பு பம்புகள் அன்றிரவு மேனுவலில் இருந்தன, அதாவது தானாக ஓடாது, தண்ணீருக்குள் டைவர்கள் இறங்குவார்கள் என்பதற்காக. "டெலூஜ் (தீயின் மேல் கொட்டுகிற தண்ணீர்) தானாக வரும்" என்று கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

வெப்ப எண்களையும் அப்படியே எழுதாதீர்கள். சதுர மீட்டருக்கு 37.5 கிலோவாட் என்றால் கருவிகளே சேதமாகிற அளவு. 4.7 என்றால் தகுந்த உடையோடு இரண்டு மூன்று நிமிட அவசர வேலை பார்க்கலாம். இதைப் பேனலில் இருப்பவருக்குச் சொல்லி என்ன பயன்? டெக் வரைபடத்தில் நிறம் அடியுங்கள்: இந்தத் தீ என்றால் இந்தப் படிக்கட்டு கிடையாது, இந்த லைஃப்போட் கிடையாது.

நங்கூரம்

கப்பல் பக்கத்திலிருந்து ஒன்று. 2005 ஜூலை 27, மும்பைக்கு அப்பால் கடலில் இருந்த மும்பை ஹை நார்த் பிளாட்ஃபார்ம். அடிபட்ட ஒருவரை இறக்கிவிட வந்த சப்போர்ட் கப்பல் ரைசரில் மோதி, தீப்பிடித்து, பிளாட்ஃபார்மே போய்விட்டது, 22 பேர் இறந்தார்கள். கப்பல் மோதல் ஒரு அத்தியாயம், ரைசர் கசிவு இன்னொரு அத்தியாயம், காயம்பட்டவரை மாற்றுவது ரிப்போர்ட்டிலேயே வராத விஷயம் என்று எழுதி வைத்தால் இந்த மூன்றும் ஒரே மதியத்தில் நடக்கும் என்று யாருக்கும் தோன்றாது. உங்கள் மோதல் தாள் மோதியதிலிருந்து ஆரம்பிக்கக்கூடாது. எந்தக் காற்றில், எந்தப் பக்கத்தில் கப்பலைக் கூப்பிடக்கூடாது என்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

அப்புறம், ஒவ்வொரு தாளின் தலையிலும் யார் பொறுப்பு, அவர் கிடைக்காவிட்டால் யார் என்று போடுங்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் கலத்தில் கேப்டனா ஓஐஎம்மா, முடிவு யார் கையில் என்ற குழப்பம் அந்த நேரத்திலேயே இருந்தது. பதவி பெயர் போதும், ஆள் பெயர் வேண்டாம், ஆட்கள் ஷிப்டுக்கு ஷிப்ட் மாறுவார்கள்.

இரவுஷிப்ட்

எல்லோருக்கும் நன்றி. 140-ஐ 11 ஆக்கிவிட்டேன். ரைசர் தாளை மட்டும் லேமினேட் செய்து நேற்று ராத்திரி டிரில்லில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு விஷயம் வெளியே வந்தது. நான் ரிப்போர்ட்டைப் பார்த்து "வடக்கு மாட்யூல்" என்று எழுதியிருக்கிறேன், பேனல் திரையில் அதற்கு "பி மாட்யூல்" என்று பெயர், ஆபரேட்டர் சில விநாடி திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொன்று மஸ்டர். ரிப்போர்ட்டில் 15 நிமிடம், கடிகாரத்தில் 22. கம்ப்ரஸர் பக்கம் இருந்த இருவர் மேலே ஏறி வர நேரமாகிவிட்டது. இப்போது தாளில் எதை எழுத?

கணக்கன்

22. எங்கள் மாதிரி ஆட்களுக்கும் அந்த 22-ஐயே அனுப்புங்கள், அதை வைத்து மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். 15 வருகிறவரை டிரில் ஓட்டி, வந்த அந்த ஒன்றை மட்டும் அனுப்புகிற பழக்கம் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்த இருவர் எந்தப் படியில் வந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரைசர் தீயில் அந்தப் படி கிடையாது என்று உங்கள் வரைபடமே சொல்லலாம்.

பழைய_பேனல்காரன்

பேனலில் என்ன பெயரோ அதையே தாளிலும் போடு தம்பி, ரிப்போர்ட்காரர் பெயரை விட்டுவிடு. எழுத்தையும் கொஞ்சம் பெரிதாக்கு. ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணாடி தேடுகிற ஆட்களும் பேனலில் இருக்கிறோம்.