மண்டபத்துப் பசங்களின் முதல் ராக் ஆல்பம்: நான் பக்கத்தில் இருந்து பார்த்தது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். அந்த 61 நாளைப் பயன்படுத்தித்தான் எங்கள் பகுதிப் பசங்க நாலு பேர் ஒரு ராக் ஆல்பத்தை முடித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் படகில் போகிறவர். மற்ற மாதங்களில் கரைக்கு வந்தால் அவருக்குத் தூங்கவே நேரம் போதாது.

கித்தார் வாசிப்பது பக்கத்து வீட்டுத் தம்பி. அவர்தான் என்னைக் கூட்டிப்போனார். ஸ்டுடியோ என்றால் வலை வைக்கிற கொட்டகை. சுவரோரம் பழைய வலைகளை ஆளுயரத்துக்குக் குவித்திருந்தார்கள். "எதிரொலியை வலை வாங்கிக்கிடும்ணே" என்றார். கை தட்டிப் பார்த்தேன், சத்தம் அப்படியே அமுங்கிப்போனது. கச்சான் காற்று கிளம்பிவிட்டால் தகரக் கூரை படபடக்கும் என்பதால் குரலை மட்டும் விடியற்காலையில் பதிவு செய்தார்கள். கடல் காற்றுக்குக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கிறது. வாசித்து முடித்த தம்பியின் விரல் நுனியெல்லாம் செம்பழுப்புக் கறை.

பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டின் தாளத்தில் தொடங்குவதுதான். முதலில் டிரம்ஸ் மட்டும். இழு, விடு, இழு என்று கனமாக வரும். கித்தார் வெகுநேரம் கழித்துத்தான் ஏறுகிறது. வேறு எந்த ஊர்க் குழுவுக்கும் இது தோன்றியிருக்காது. வெளியிட்ட அன்று கரையில் ஸ்பீக்கரில் போட்டபோது ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, "இழுவை இன்னும் நிதானமா வரணும்டா தம்பி" என்றார். டிரம்ஸ்காரர் உடனே அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளத்தைக் கேட்டுக்கொண்டார். மற்ற பாட்டுகளும் சுமார் இல்லை, ஆனால் இரண்டு இடத்தில் கித்தார் சத்தத்தில் சொற்கள் மூழ்கிவிடுகின்றன. அதை அவர்களிடமே சொன்னேன்.

கம்பெனி எதுவும் இல்லாமல் இதெல்லாம் ஆகுமா என்று வீட்டில் கேட்டார்களாம். 2005-ல் அமெரிக்காவின் 'கிளாப் யுவர் ஹேண்ட்ஸ் சே யே' குழு முதல் ஆல்பத்தைத் தானே வெளியிட்டு, இணையத்தில் ஆள் ஆளாகப் பரவியே பேர் வாங்கியது. தம்பி அந்தக் கதையைத்தான் எல்லாரிடமும் சொல்கிறார். பாம்பனில் மீனவர்களுக்கென்றே 'கடல் ஓசை' சமுதாய வானொலி இருக்கிறது, 90.4-ல். அங்கே ஒரு பிரதி கொடுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து காசு கொடுத்து வாங்குங்கள். பாட்டு விற்கும் இணையதளமான பேண்ட்கேம்ப்பில் வாங்கினால் தளத்துக்கு 15 சதவீதமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதி அவர்களுக்கு. நேரில் வந்தால் பென்டிரைவில் போட்டுத் தருவார்கள், முழுக் காசும் அவர்கள் கைக்கே போகும். அடுத்த தடைக்காலத்துக்குள் டிரம்ஸுக்கு ஒரு நல்ல மைக் வாங்கிவிட வேண்டும் என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.