சூரியப் புள்ளிகளைக் கொண்டு மழையைக் கணிக்க முடியுமா?

கேள்வி:
சிறு தொலைநோக்கி வழியே சூரியனின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து, அதில் தெரியும் கரும்புள்ளிகளைச் சில ஆண்டுகளாகப் பென்சிலால் குறித்து வருகிறேன். 2019 இறுதியில் நாள்கணக்கில் வெறுமையாகவே இருந்த தாளில், 2024இல் நடுவே கருமையும் சுற்றிலும் சாம்பல் நிறமுமாகப் புள்ளிகள் கூட்டங்கூட்டமாகத் தெரிந்தன. இந்தப் பதினோராண்டுச் சுழற்சிதான் மழையைத் தீர்மானிக்கிறது என்றும், புவி வெப்பமாவதற்கும் அதுவே காரணம் என்றும் என் பெரியப்பா உறுதியாகச் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?

மறுமொழி 1:
தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிய நாளிலேயே பிறந்த எண்ணம் இது. புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என்று வானியலாளர் நார்மன் லாக்கியரும் ஆங்கிலேய அரசின் புள்ளியியல் அதிகாரி வில்லியம் ஹண்டரும் 1877இல் எழுதினார்கள். பஞ்சத்தை முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்ற அந்த நம்பிக்கையும் கோடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவானதற்கு ஒரு காரணம். ஆனால் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், புள்ளிகளின் எண்ணிக்கையையும் மழை அளவையும் ஒப்பிட்டபோது, முன்கணிப்புக்கு உதவும் அளவுக்கு வலுவான தொடர்பு எதுவும் தென்படவில்லை. பசிபிக்கிலும் இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் காற்றழுத்தம் ஏற்றப்பலகை போல மாறிமாறி ஏறி இறங்குவதைத்தான் அவர் கண்டறிந்தார். 1877இல் மழை பொய்த்தபோது பசிபிக்கில் கடுமையான எல் நினோ, அதாவது கடல்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, நிலவியது என்பது இன்று தெரிகிறது. அத்தனை உயிர்களைப் பறித்த வறட்சிக்கான விடையை வானில் தேடினார்கள். அது கடலில் இருந்தது.

மறுமொழி 2:
வெப்பமாதலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புவிக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல் சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட். சுழற்சியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே அது ஏறத்தாழ 0.1 விழுக்காடே மாறுகிறது. அதனால் புவியின் சராசரி வெப்பநிலை கூடுவதும் குறைவதும் 0.1 டிகிரி செல்சியஸ் அளவில்தான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வந்ததில் சூரிய ஆற்றல் தொடர்ந்து உயரவில்லை. வெப்பநிலையோ உயர்ந்துகொண்டே போகிறது. மேலும், சூரியன் காரணமாக இருந்தால் மேல் வளிமண்டலமும் சூடேற வேண்டும். அது குளிர்ந்து வருகிறது.

மறுமொழி 3:
அதற்காகச் சூரியனை அடியோடு ஒதுக்கிவிடவும் வேண்டாம். 1645 முதல் 1715 வரை புள்ளிகள் மிக அரிதாகவே தென்பட்டன. ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவிய காலம் அது. ஆயினும் அக்குளிர் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எரிமலைகளுக்கும் அதில் பங்குண்டு. மொத்த ஒளியைவிடப் புற ஊதாக் கதிர்கள் சுழற்சியோடு அதிகம் மாறுவதால், ஓசோன் படலத்தின் வெப்பநிலையும், அதன் வழியே வட ஐரோப்பாவின் குளிர்காலக் காற்றோட்டமும் ஓரளவு மாறக்கூடும். பெரியப்பாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.