விட்பியில் சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் அம்மா, அப்பாவை இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் இருக்கும் விட்பிக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே போய் வந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

முதல் கவலை சாப்பாடு. அம்மா சுத்த சைவம். யார்க்‌ஷயரில் பல கடைகளில் மீனையும் சிப்ஸையும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். வெறும் உருளைக்கிழங்குதானே என்று நம்பி வாங்கித் தர முடியாது. துறைமுகத்தை ஒட்டி, தாவர எண்ணெயில் தனியாகப் பொரித்துத் தரும் கடை ஏதாவது உண்டா? (வாங்கினாலும் கடற்புறாக்கள் விட்டு வைக்குமா என்பது வேறு கதை.)

குன்றின் மேலிருக்கும் பாழடைந்த மடாலயத்துக்கு 199 படிகள். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. மேலேயே காரை நிறுத்தலாம், சரி. அங்கிருந்து வாசல் வரை பாதை மேடா, சமதளமா?

அப்புறம், சர்ச் தெருவின் ஜெட் நகைக் கடைகள். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் இறுகிக் கறுத்ததுதான் ஜெட். கணவர் ஆல்பர்ட் 1861இல் இறந்தபின் விக்டோரியா அரசி துக்கத்துக்கு அணிந்தது இதைத்தான். கறுப்புக் கண்ணாடியையும் இந்தப் பெயரில் விற்பதுண்டு. அசல் ஜெட் கனமே இருக்காது, தொட்டால் கண்ணாடி போல ஜில்லென்றும் இருக்காது. கடையிலேயே செதுக்கி மெருகேற்றித் தருபவர்களைத் தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு ஜோடி கம்மல் வாங்கினால் போதும்.