ஸ்குவாட் ஏறுகிறது, ஹேமர் தூரம் ஏறவில்லை: நாலாவது டர்ன் கற்கலாமா?

கார்த்தி_726:

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் விளையாட்டு ஹேமர் த்ரோ, அதாவது கம்பியில் கட்டிய இரும்புக் குண்டைச் சுழன்று எறிவது. வலக்கைப் பழக்கம், மூன்று டர்ன் (எறிவதற்கு முன் உடம்போடு மூன்று முழுச் சுற்று). 7.26 கிலோவில் என் சிறந்த எறி 52 மீட்டர். போன சீசன் முடிந்ததிலிருந்து ஜிம்மில்தான் அதிகக் கவனம். ஸ்குவாட் 150 கிலோவிலிருந்து 185க்கு வந்துவிட்டது, கிளீனும் (பாரைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்குவது) ஏறியிருக்கிறது. ஆனால் ஹேமர் 51, 52க்குள்ளேயே நிற்கிறது. மூன்றாவது டர்னில் வேகம் கூட்டப் பார்த்தால் தடுமாறி, குண்டு எறியும் வட்டத்தைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வலையின் இடப்பக்கத்தில் போய் அடிக்கிறது.

நாலு டர்ன் போட்டால் தூரம் தானாக வரும் என்கிறார்கள் சீனியர்கள். இன்னும் பலம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது?

விசையும்_வேகமும்:

நான் எறிந்தவன் இல்லை, இயற்பியல் சொல்லித்தருபவன். கணக்கை மட்டும் வைக்கிறேன். 52 மீட்டர் போகிற குண்டு கையை விடும்போது அதன் வேகம் விநாடிக்கு சுமார் 22 மீட்டர். தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், ஒரே ஒரு மீட்டர் வேகம் கூடினால் நாலரை மீட்டர் தூரம் கிடைக்கும். கோணத்தை இரண்டு மூன்று டிகிரி திருத்தி அவ்வளவு வாங்க முடியாது. அந்த வேகத்தில் கம்பி உங்களை இழுக்கும் விசை 200 கிலோ எடைக்கு மேல். அதை எதிர்த்து நிற்கப் பலம் வேண்டும், சரி. ஆனால் வேகத்தை எங்கே ஏற்றுகிறீர்கள் என்பதை எறிகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மைதானத்து_அக்கா:

தம்பி, நாலாவது டர்ன் இப்போது வேண்டாம். மூன்றாவதிலேயே நிலை தவறுகிறது என்றால், தப்பு முதல் டர்னில் தொடங்கியிருக்கிறது. நாலாவது அதை இன்னும் பெரிதாக்கும், அவ்வளவுதான்.

1986 ஆகஸ்ட் 30, ஸ்டுட்கார்ட் ஐரோப்பிய சாம்பியன்ஷிப். சோவியத் யூனியனின் யூரி செதீக் 86.74 மீட்டர் எறிந்தார். இன்றுவரை உலக சாதனை அதுதான். அவர் போட்டது மூன்று டர்ன். அதே போட்டியில் செர்கெய் லித்வினோவ் நாலு டர்ன் போட்டு 85.74 எறிந்து இரண்டாமிடம் வந்தார். 1988 சோல் ஒலிம்பிக்கில் அதே லித்வினோவ் 84.80 எறிந்து தங்கம் வாங்க, செதீக்குக்கு வெள்ளி. ஆக இரண்டு வழியும் உச்சிக்குப் போகும். டர்ன் எண்ணிக்கையை வைத்துச் சண்டை போடுவதில் அர்த்தமே இல்லை.

ஸ்டுட்கார்ட்டில் செதீக்கின் கடைசி மூன்று எறிகளைப் பாருங்கள்: 86.74, 86.68, 86.62. மூன்றுக்கும் இடையே 12 சென்டிமீட்டர்தான். வெறும் முரட்டுப் பலத்தால் இப்படி வராது. ஒவ்வொரு டர்னும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தால்தான் வரும்.

அந்த வீடியோவில் அவருடைய கைகளைப் பாருங்கள். தோளிலிருந்து கைப்பிடி வரை நீண்டு, தளர்ந்து கிடக்கும். கவண் வீசுகிறவர் வாரை மடக்கி இழுப்பதில்லையே, அதுபோல. முழங்கை லேசாக மடங்கினாலும், இடது தோள் குண்டை முந்திக்கொண்டு ஓடினாலும், ஆரம் குறையும். சுற்று வேகமாகப் போவது போல உங்களுக்குத் தோன்றும், ஆனால் குண்டின் வேகம் ஏறியிருக்காது. இந்த ஏமாற்றம் எல்லா எறியாளருக்கும் வரும். "செம ஸ்பீடு" என்று உடம்பு சொல்லும், டேப் வேறு சொல்லும்.

வேகம் ஏறுவது இரண்டு காலும் தரையில் இருக்கும்போது, குண்டு மேலிருந்து இறங்கி வரும் அந்தப் பகுதியில். வலது காலைத் தூக்கி இடது காலில் மட்டும் சுற்றும்போது குண்டு மேலே ஏறுகிறது, வேகம் கொஞ்சம் குறையக்கூடச் செய்யும். அதனால் வலது கால் சீக்கிரம் தரைக்கு வர வேண்டும். குண்டு உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கும்போதே பாதம் ஊன்றியிருக்க வேண்டும். தாமதமாக ஊன்றினால் குண்டு பாதி இறங்கிவிடும், நீங்கள் தள்ள இடமே இருக்காது. அந்த இழப்பை ஈடுகட்டத் தோளால் இழுப்பீர்கள். இழுக்க இழுக்கத் தாழ்புள்ளி (சுற்றில் குண்டு மிகத் தாழ்ந்து வரும் இடம்) டர்னுக்கு டர்ன் இடப்பக்கம் நகரும். கடைசியில் ரிலீஸ் பிந்தி, குண்டு இடது வலைக்குப் போகும். உங்களுக்கு நடப்பது இதுதான் என்பது என் கணிப்பு.

ஒன்று செய்யுங்கள். இடது ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது? அப்படியே இடது கை கிளவுஸையும் பாருங்கள்.

கார்த்தி_726:

பார்த்தேன் அக்கா. ஷூவில் பந்துப் பாதத்துக்கு (கால்விரல்களுக்குப் பின்னாலுள்ள தடித்த பகுதி) கீழேதான் தேய்ந்திருக்கிறது, குதிகால் கிட்டத்தட்டப் புதிதாக இருக்கிறது. கிளவுஸில் உள்ளங்கை நடுவே தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

இன்னொரு சந்தேகம். 80களின் சாதனைகள் மீது ஊக்கமருந்துச் சந்தேகம் உண்டே. அவர்களுடைய முறையை நாம் பின்பற்றுவது சரியா?

மைதானத்து_அக்கா:

நல்ல கேள்வி. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான், நான் மறுக்க மாட்டேன். ஆனால் கால் எப்போது ஊன்ற வேண்டும் என்பதை மருந்து தீர்மானிக்காது. இந்தக் காலத்து ஆளையே எடுங்கள். கனடாவின் ஈதன் கட்ஸ்பெர்க் 2024 பாரிஸில் 84.12 எறிந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். அவருடைய பயிற்சியாளர் டிலன் ஆர்ம்ஸ்ட்ராங் ஹேமர் அல்ல, ஷாட்புட் எறிந்தவர், கம்லூப்ஸ் நகரில் அனதோலி பொந்தார்ச்சுக்கிடம் பயின்றவர். செதீக்கின் பயிற்சியாளரும் அதே பொந்தார்ச்சுக்தான். அவரே 1972 மியூனிக்கில் ஹேமரில் தங்கம் வாங்கியவர்.

பொந்தார்ச்சுக் அழுத்திச் சொன்னது, ஒரு அளவுக்கு மேல் ஸ்குவாட் ஏறுவதும் ஹேமர் தூரம் ஏறுவதும் ஒன்றோடொன்று சேர்ந்து போவதில்லை என்பது. எறிதலுக்கு நெருக்கமான பயிற்சிதான் எறிதலை வளர்க்கும். அதில் முதலிடம் எறிதலுக்கே. போட்டி எடை, அதைவிடக் குறைந்த எடை, கூடிய எடை என்று பல குண்டுகளை எறிய வைத்தார். ஜிம் அதற்குத் துணை. 185 கிலோ ஸ்குவாட் உங்கள் தூரத்துக்கு ஏற்கனவே போதும். இன்னும் 20 கிலோ ஏற்றப் பாடுபடுவதைவிட, அந்தத் தெம்பை சர்க்கிளில் செலவழியுங்கள். 52 மீட்டர் எறிகிற பையனிடம் "இன்னும் பலம், இன்னும் பலம்" என்று சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு ஆறுவதில்லை. ஜப்பானின் கோஜி முரோஃபுஷி 100 கிலோவை ஒட்டிய உடம்போடு 84.86 எறிந்தார். அவர் சுற்றுவதைப் பார்த்தால் தாளம்தான் முதலில் கண்ணில் படும்.

உங்கள் ஷூ, கிளவுஸ் இரண்டும் கதையைச் சொல்லிவிட்டன. குதிகால் தேயவில்லை என்றால் நீங்கள் குதிகாலில் திரும்பவில்லை, பந்துப் பாதத்தில் துள்ளுகிறீர்கள். குதிகால், வெளி விளிம்பு, பந்துப் பாதம், மறுபடி குதிகால் என்று இடது பாதம் உருண்டு போக வேண்டும். நாலு டர்ன்காரர்கள் பலர் முதல் டர்னை மட்டும் டோவில் போடுவார்கள். மூன்று டர்னில் அதைக் கலக்காதீர்கள். கிளவுஸ் தேய வேண்டியது விரல்களின் நடுக்கணுவில். உள்ளங்கை தேய்ந்தால் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். பிடி இறுகினால் முன்கை இறுகும், அப்புறம் தோள் இறுகும். விரல்களைக் கொக்கியாக மட்டும் வைத்து, கம்பி இழுக்கிற இழுப்புக்கு முழங்கால் மடக்கி இடுப்பால் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒரே வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். 6 கிலோவில் இரண்டு ஸ்விங் (டர்னுக்கு முன் நின்ற இடத்தில் குண்டைச் சுற்றுவது), ஒரு டர்ன், ரிலீஸ். அப்புறம் அதையே இரண்டு டர்ன். கடைசியில் மூன்று. பிறகு 7.26. தூரம் அளக்காதீர்கள். ஸ்விங்கிலேயே தாழ்புள்ளி வலது பாதத்துக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வேகத்தில் ஏறக்குறையப் பாதி அந்த ஸ்விங்கில் வருகிறது, அதை அவசரமாக முடித்துவிட்டுச் சுற்ற ஓடாதீர்கள்.

8 கிலோ குண்டு இப்போதைக்குத் தொட வேண்டாம். கனமான குண்டு கையை மடக்கச் சொல்லும்.

விசையும்_வேகமும்:

அக்கா, அப்படியென்றால் அவர் நாலாவது டர்னுக்கு எப்போது போகலாம்?

மைதானத்து_அக்கா:

மூன்று டர்ன் எறிகள் வலையில் படாமல், தொடர்ந்து செக்டாருக்குள் (குண்டு விழ வேண்டிய கோட்டுப் பகுதி) ஒரே பக்கம் விழ ஆரம்பித்தால் பேசலாம். கார்த்தி, வீடியோ போடுங்கள். கேஜுக்கு வெளியே, சர்க்கிளின் பின்னாலிருந்து, பாதம் தெரியும்படி மெதுவேகத்தில் எடுங்கள். எந்த எடை என்று கூடவே எழுதுங்கள்.