உச்ச நீதிமன்றத்தில் 34 நீதிபதிகள் போதாதா? 50 ஆக்கினால் நிலுவை வழக்குகள் குறையுமா?

வைகைக்கரை:
1950-ல் தலைமை நீதிபதியோடு சேர்த்து 8 இடங்கள். 2019 திருத்தத்தில் 34 ஆனது. அப்படியும் நிலுவை 80,000-ஐத் தாண்டிவிட்டது. 50 ஆக்கினால் தீருமா? அதற்கு அரசியல் சாசனத்தையே திருத்த வேண்டுமா?

மேல்முறையீடு:
வேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 124(1) பிரிவு நாடாளுமன்றத்துக்கே தந்திருக்கிறது. 1956-ம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள எண்ணைச் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றினால் போதும்.

சிக்கல் ஆள் எடுப்பதில்தான். பெரும்பாலானவர்கள் 60 வயதை ஒட்டித்தான் உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறார்கள்; 65-ல் ஓய்வு. புதிதாக 16 பேர் என்றால், அநேகமாக உயர் நீதிமன்றங்களின் மூத்தவர்களைத்தான் எடுக்க வேண்டிவரும். அங்கே ஏற்கெனவே காலியிடங்கள்.

பிரிவு136:
எனக்குப் பயம் வேறு. அமெரிக்காவில் ஒன்பது பேரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறார்கள். இங்கே பெரும்பாலும் இருவர், மூவர் அமர்வு. அமர்வுகள் பெருகினால் தீர்ப்புகள் முட்டிக்கொள்ளும்.

2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 24(2) பிரிவைப் பாருங்கள்; பழைய கையகப்படுத்தல் எப்போது காலாவதியாகும் என்று சொல்வது அது. இழப்பீட்டை அரசு கருவூலத்தில் கட்டிவிட்டால், உரிமையாளருக்குக் கொடுத்ததாக ஆகுமா? 2014-ல் புனே மாநகராட்சி வழக்கில் மூவர் அமர்வு 'ஆகாது' என்றது. 2018 பிப்ரவரி 8-ல் இந்தூர் வழக்கில் இன்னொரு மூவர் அமர்வு, 2-1 என்ற கணக்கில், புனே தீர்ப்பே செல்லாது என்றது. அதே மாதம் 21-ம் தேதி மூன்றாவது அமர்வு, இத்தகைய வழக்குகளை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று உயர் நீதிமன்றங்களைக் கேட்டுக்கொண்டது. 2020 மார்ச்சில் ஐவர் அமர்வு கூடித்தான் முடிவுக்கு வந்தது. அதுவரை நிலத்தை இழந்தவர் எந்தத் தீர்ப்பை நம்பியிருப்பார்?

நிலுவைக்கு ஊற்றுக்கண் அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவின் கீழ் வரும் சிறப்பு அனுமதி மனுக்கள், அதாவது கீழே வந்த தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய உச்ச நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கும் மனுக்கள். வாடகைத் தகராறு முதல் ஜாமீன் வரை எல்லாம் வருகிறது, பெரும்பாலானவை தள்ளுபடிதான். ஆனால் தள்ளுபடி செய்யவும் வழக்குக் கட்டைப் படித்தாக வேண்டுமே. எந்த மனுவை எடுப்பது என்று கறாராக வரம்பு கட்டாமல் நாற்காலிகளை மட்டும் கூட்டினால், வரத்தும் கூடவே ஏறும்.

வைகைக்கரை:
அப்படியானால் சென்னையில் ஒரு கிளை?

மேல்முறையீடு:
சட்ட ஆணையத்தின் 229-வது அறிக்கை (2009) சொன்னதே அதுதான்: டெல்லியில் அரசியல் சாசன அமர்வு (அரசியல் சாசனக் கேள்விகளைத் தீர்க்கும், குறைந்தது ஐவர் கொண்ட அமர்வு), மேல்முறையீட்டுக்கு டெல்லி, சென்னை அல்லது ஹைதராபாத், கொல்கத்தா, மும்பை. அரசியல் சாசனத்தின் 130-வது பிரிவில் வழியும் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு தலைமை நீதிபதி வேறு ஊரிலும் அமர்வு வைக்கலாம். நீதிபதிகளின் முழுக் கூட்டம்தான் பலமுறை மறுத்துவிட்டது.

இடங்களைக் கூட்டுவதானால், அதில் ஐந்து பேரை நிரந்தரமாக அரசியல் சாசன அமர்வுக்கு ஒதுக்கிவிட வேண்டும். முரண்பட்ட தீர்ப்புகள் அன்றன்றைக்கே அங்கே போக வேண்டும். அது இல்லாமல் 50 என்றால் நான் ஆதரிக்க மாட்டேன்.